எழுபத்திரண்டரைக் கிலோவின் கணக்கு

"மாமா, இன்னும் 600 கிராம் கூட இருக்கு."

படகோட்டப் போட்டிக்கு முதல்நாள் பின்னேரம் தராசிலிருந்து இறங்கிய என் அக்காவின் மகன் சொன்னது. தராசு காட்டியது 73.1. எல்லை 72.5. அன்றிரவு அவன் சோறு தொடவில்லை. இரண்டு ஜேர்சிக்கு மேல் மழைக்கோட்டையும் மாட்டிக்கொண்டு காலிமுகத்திடலில் மேலும் கீழுமாக ஓடினான். விடிய 72.4. எடை சரி. ஆனால் கடைசி 500 மீற்றரில் அவனுடைய துடுப்பு தண்ணீரைப் பிடிக்கவே இல்லை. கரையில் நின்ற எனக்கே அது தெரிந்தது.

இலங்கைத் தமிழருக்குத் துடுப்பு என்றதும் கிரிக்கெட் மட்டைதான் கண்முன் வரும். நான் சொல்வது படகு வலிக்கும் துடுப்பை. கொழும்பு பேர வாவியில் 1864இலேயே ஒரு படகோட்டக் கழகம் தொடங்கப்பட்டது. சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையால் தினமும் பஸ்ஸில் போகிற எத்தனையோ பேருக்கு, அந்த மதிலுக்குப் பின்னால் விடியற்காலையில் பிள்ளைகள் படகு இறக்குவது தெரியாது.

இந்த விளையாட்டில் 'லைட்வெயிட்' என்றொரு பிரிவு உண்டு. ஆண்கள் ஒருவர் 72.5 கிலோவுக்கு மேற்படக் கூடாது. இருவர் படகென்றால் சராசரி 70 கிலோவைத் தாண்டக் கூடாது. பெண்களுக்கு 59, சராசரி 57. சர்வதேசப் போட்டிகளில் ஓட்டத்துக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் தராசில் ஏற வேண்டும். போட்டி நடக்கும் ஒவ்வொரு நாளும் இதுதான் நடைமுறை.

ஏன் இப்படியொரு பிரிவு? பெரிய உடம்புக்குப் பெரிய வலு. ஆனால் அதே உடம்பு படகைத் தண்ணீருக்குள் இன்னும் ஆழமாக அமிழ்த்தும். நனையும் பரப்புக் கூடினால் உராய்வும் கூடும். இந்த ஒல்லிப் படகுகளைத் தடுக்கும் விசையில் மிகப் பெரும்பங்கு அந்த உராய்வுதான். ஆக, உடம்பு ஒரு கையால் தருவதை மறு கையால் வாங்கிக்கொள்கிறது. எவ்வளவு தருகிறது, எவ்வளவு வாங்குகிறது?

தலா 70 கிலோ இருவர், 27 கிலோ படகு, துடுப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 172 கிலோ. தலா 95 கிலோ இருவரை ஏற்றினால் 222 கிலோ. அமிழும் கனவளவு 29 வீதம் கூடுகிறது. பரப்பு கனவளவைப் போல வேகமாக வளராது, எனவே நனையும் பரப்பு 18 வீதமளவில்தான் கூடும். ஒட்சிசனை எரித்து உடம்பு தரும் வலுவும் எடைக்கு நேர்விகிதமாக ஏறுவதில்லை. அதுவும் ஏறத்தாழப் பரப்பைப் போலத்தான் வளர்கிறது. இங்கே அது 23 வீதமளவு. 1.23ஐ 1.18ஆல் வகுத்துப் பார்த்தால் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய நாலு வீதம். அதிலும், தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது. ஒரு வீத வேகத்துக்கு மூன்று வீத வலு வேண்டும். மிஞ்சிய அந்த வலுவால் கிடைப்பது ஒரு வீதத்துக்குச் சற்றுக் கூடிய வேகம் மட்டுமே.

இது கடதாசிக் கணக்கு. தண்ணீரில் என்ன நடந்தது? 2014இல் ஆம்ஸ்டர்டாமில் குரோஷியாவின் சின்கோவிச் சகோதரர்கள் எடைக் கட்டுப்பாடில்லாத இருவர் படகில் 2000 மீற்றரை 5 நிமிடம் 59.72 செக்கனில் முடித்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் அயர்லாந்தின் போல் ஓ'டொனோவனும் ஃபின்டன் மெக்கார்த்தியும் லைட்வெயிட் படகில் எடுத்தது 6 நிமிடம் 5.33 செக்கன். வித்தியாசம் ஒன்றரை வீதம். இந்த இரண்டு எண்களையும் முதன்முதலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. மெலிந்த உடம்பு இவ்வளவு கிட்ட வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆனால் அந்த ஒன்றரை வீதம் இறுதிப் போட்டியில் முப்பது மீற்றர். அதனால்தான் தனிப்பிரிவு தேவைப்பட்டது.

ஓ'டொனோவன் அயர்லாந்தின் ஸ்கிபரீன் என்ற சிற்றூர்க் கழகத்தில் வளர்ந்தவர். 2016இல் ரியோவில் அண்ணன் கேரியுடன் வெள்ளி வென்றார். படகோட்டத்தில் அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. டோக்கியோவிலும் 2024இல் பாரிஸிலும் மெக்கார்த்தியுடன் தங்கம். இவற்றுக்கு நடுவே மருத்துவமும் படித்து முடித்தார். இத்தனை ஆண்டுகளும் அந்தத் தராசில் ஏறி இறங்கியபடியே கழிந்தன.

அவர் வலிக்கும் காணொளியை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள், ஒரு புதுமை தெரியும். துடுப்பு தண்ணீருக்குள் இழுபடும்போது படகு வேகமாக ஓடும் என்றுதான் எவரும் நினைப்போம். உண்மையில் படகின் உச்ச வேகம் வருவது துடுப்பு தண்ணீருக்கு வெளியே நிற்கும்போது. வலிப்பவர் படகின் முன்முனையான அணியத்துக்கு முதுகு காட்டி, சில்லுள்ள இருக்கையில் இருக்கிறார். இழுத்து முடிந்ததும் முழங்காலை மடக்கிப் படகின் பின்பக்கம் நோக்கி நகர்கிறார். இரண்டு பேரின் 140 கிலோ பின்னே போகும்போது 27 கிலோப் படகு அவர்களுக்குக் கீழே முன்னே பாய்கிறது. உந்தக் காப்பு, பள்ளிக்கூடத்தில் படித்த அதே விதி. படகின் வேகம் இப்படி ஏறி இறங்குவது வீண்செலவு. வேகமான கணத்தில் கட்டும் கூடுதல் விலையை மெதுவான கணம் திருப்பித் தராது. ஆகவே நல்ல வலிப்பாளர் திரும்பி வரும்போது அவசரப்படமாட்டார். பேர வாவிக் கரையில் நின்றால் இதைக் காதாலேயே கேட்கலாம். பழகாத பிள்ளையின் இருக்கை 'டக்' என்று முட்டும். பழகியவனுடையது சத்தமின்றி வந்து நிற்கும்.

கொழும்பில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. இளஞ்சூடான தண்ணீரின் பிசுக்குமை, அதாவது அதன் ஒட்டி இழுக்கும் தன்மை, குறைவு. 10 பாகை செல்சியஸில் அது 1.3 அலகு என்றால் 30 பாகையில் 0.8. படகுக்கு இது இலாபம். உடம்புக்கோ நட்டம். தசை எரிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குகூட முழுதாகத் துடுப்புக்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் வெப்பம். 400 வாற்று வலிப்பவர் 1200 வாற்றுக்கு மேல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு மின்சாரக் கேத்தல் அளவு. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போகும். சிறிய உடம்புக்கு எடையோடு ஒப்பிடும்போது தோற்பரப்பு அதிகம் என்பதால், மெலிந்தவர்களுக்கு இங்கே ஒரு சிறு அனுகூலம் உண்டு.

என் மருமகன் தொலைத்தது அந்த அனுகூலத்தைத்தான். மழைக்கோட்டுக்குள் அவன் இழந்தது கொழுப்பை அல்ல, தண்ணீரை. இரத்தத்தின் நீர் குறைந்தால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகத்தான் தள்ளும், தோலுக்குப் போய் வெப்பத்தை இறக்கவும் இரத்தம் போதாது. சோற்றை விட்டதும் இன்னொரு தவறு. சோற்றின் மாச்சத்தைத் தசை கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அப்படிச் சேமித்த ஒவ்வொரு கிராமும் மூன்று கிராமளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு விட்டவுடன் எடை சடாரென்று விழுவது இதனால்தான். ஆனால் விழுவது எரிபொருளும் தான். இரண்டு மணித்தியாலத்தில் குடித்த தண்ணீரில் ஒரு பங்கு திரும்பும், கிளைக்கோஜன் திரும்பாது. பயிற்றுவிப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்கு முதலாம் நாளே சொல்லிவிட வேண்டும். வளர்கிற பிள்ளையை எடைக்காகக் காயவைப்பதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன்.

டோக்கியோவில் பிரித்தானியாவின் எமிலி கிரெய்க், இமோஜென் கிராண்ட் இருவரும் 0.01 செக்கனால் வெண்கலத்தை இழந்தார்கள். அந்த வேகத்தில் அது ஐந்து சென்ரிமீற்றர், என் சுண்டுவிரல் நீளம். மூன்று வருடம் கழித்து பாரிஸில் அதே இருவரும் தங்கம் வென்றார்கள். 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்த லைட்வெயிட் பிரிவுக்கு அதுவே கடைசி ஒலிம்பிக். 2028இல் லொஸ் ஏஞ்சல்ஸில் அதற்குப் பதில் கடற்கரை ஓட்டப் படகோட்டம். நம்மைப் போன்ற மெலிந்த உடல்வாகுள்ள நாடுகளுக்குத் திறந்திருந்த கதவு அது. மூடியதில் எனக்கு மனவருத்தம்தான்.

மருமகன் இப்போது 74 கிலோ. எடைப் பிரிவை விட்டுவிட்டு நால்வர் படகில் அணியத்து இருக்கையில் வலிக்கிறான். படகு ஒடுங்கும் அந்த முனைக்கு இலகுவான ஆள்தான் தோதுப்படும். காலையில் தண்ணீருக்கு இறங்குமுன் நாலு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறான்.