பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா? களவு போன லேப்டாப்பும் கூடவே போன சாவியும்

காரைக்குடியில் விடியற்காலை பல்லவன் ரயில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கும்போது, மேலே வைத்த பையைக் காணோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவரின் பை. உள்ளே லேப்டாப், போன், அப்புறம் பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்க். (அசலையும் நகலையும் ஒரே பையில் போடாதீர்கள் என்று எத்தனை பேர் சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?) எல்லாமே என்கிரிப்ட் செய்தவை, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உருமாற்றிப் பூட்டியவை. பாஸ்வேர்டை உடனே மாற்றிவிட்டால் தப்பித்தோம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆன்லைன் கணக்குகளுக்கு அது ஓரளவு சரி. பேக்கப் டிஸ்க்குக்குச் சரியில்லை.

ஏனென்றால் கோப்புகளைப் பூட்டுவது உங்கள் பாஸ்வேர்டே இல்லை. என்கிரிப்ட் செய்யத் தொடங்கும்போது கணினி தானாகவே ஒரு நீளமான எண்ணை உருவாக்கும், பெரும்பாலும் 128 அல்லது 256 பிட் அளவில். அந்த எண்தான் சாவி. அதை வைத்து ஏஇஎஸ் முறையில், அதாவது அமெரிக்க அரசு 2001இல் தரமாக ஏற்றுக்கொண்ட முறையில், கோப்புகள் பூட்டப்படுகின்றன. பாஸ்வேர்டின் வேலை அந்த எண்ணைப் பூட்டி வைப்பது மட்டும்தான். பெரிய வீட்டுப் பெட்டக அறையின் சாவியை ஆச்சி ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டி, அந்தப் பெட்டியின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொள்வது மாதிரி. சின்னப் பெட்டியின் பூட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், பெட்டக அறைக்கு அதே பழைய பூட்டுதான். இப்படி அமைத்ததற்குக் காரணம் உண்டு. பாஸ்வேர்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுத வேண்டுமென்றால் மணிக்கணக்கில் ஆகும். இப்போது டிஸ்க்கின் தொடக்கத்தில் உள்ள சின்னப் பகுதியை மட்டும் மாற்றினால் நொடியில் முடிந்துவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான். திருடனிடம் இருக்கும் டிஸ்க்கில் பழைய சின்னப் பெட்டி அப்படியே இருக்கிறது. நீங்கள் வீட்டிலோ கிளவுடிலோ இருக்கும் நகலில் என்ன மாற்றினாலும் அந்த டிஸ்க்குக்கு அது தெரியாது, பழைய பாஸ்வேர்டு அதை என்றைக்கும் திறக்கும். ஆக, பை போன அன்று பழைய பாஸ்வேர்டு எவ்வளவு வலுவாக இருந்தது என்பது மட்டும்தான் கேள்வி.

போனில் ஆறு இலக்க பின் நம்பர் போதும், பத்து லட்சம் சாத்தியங்கள்தான் என்றாலும், தப்பாகப் போடப் போட உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சிப் அடுத்த முயற்சியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகும். வெறும் டிஸ்க்குக்கு அப்படிக் காவல் கிடையாது. அதை நகலெடுத்துப் பத்துக் கணினிகளில் ஒரே நேரத்தில் முயலலாம். இதற்கு எதிரான தந்திரம், பாஸ்வேர்டிலிருந்து சின்னப் பெட்டியின் சாவியை எடுக்கும் கணக்கை வேண்டுமென்றே மெதுவாக்குவது. 2015இல் இதற்கென நடந்த போட்டியில் வென்ற ஆர்கான்2 என்ற கணக்கு முறை ஒவ்வொரு யூகத்துக்கும் நிறைய நினைவகத்தையும் கேட்கும், அதனால் மொத்தமாக முயல்பவருக்குச் செலவு ஏறும். ஆனால் பிள்ளையார்பட்டி123 என்று வைத்திருந்தால் எந்த ஆர்கானும் காப்பாற்றாது. பகடை உருட்டி, 7776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சொற்கள் எடுத்தால், சாத்தியங்கள் கிட்டத்தட்ட 22 எழுதி அதன் பின்னால் 22 சுழி போட்ட எண்ணிக்கை. அப்படி வைத்திருந்தவர் நிம்மதியாகத் தூங்கலாம். மற்றவர்கள் புதிய சாவியோடு புது பேக்கப்பை முதலிலிருந்து எடுக்க வேண்டும். பழைய டிஸ்க்கில் கிடந்த ஆதார் நகல், பாஸ்வேர்டு எழுதிய குறிப்பு எல்லாம் வெளியே போய்விட்டதாகவே நினைத்து, மாற்றக்கூடியவற்றை மாற்ற வேண்டும்.

இன்னொன்று, மூடியை மட்டும் சாத்திய லேப்டாப்பில் சாவி நினைவகத்திலேயே உயிரோடு இருக்கும். நினைவகச் சிப்பைக் குளிரவைத்து அந்தச் சாவியை எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2008இல் காட்டினார்கள். ரயில் திருடன் அவ்வளவு மெனக்கெட மாட்டான், இருந்தாலும் பயணத்துக்கு முன் முழுதாக அணைத்துவிடுவதில் நஷ்டமில்லை.

இனி கணக்குகள். பிரவுசர் உங்களைத் தினமும் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடுவது, முதல் தடவை நுழைந்தபோது கொடுத்த ஒரு அடையாளத் துண்டைச் சேமித்து வைத்திருப்பதால். சில தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தத் துண்டு செல்லுபடியாகும், அதனால் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் தேடி அழுத்துங்கள். முதலில் மின்னஞ்சல், மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதானே. கிளவுடில் பேக்கப் ஏற்ற லேப்டாப்புக்குக் கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் படிக்க முடியாதவன் அழித்துவிட்டுப் போவான்.

அதற்கும் முன்னால் சிம். போன் பூட்டியிருந்தாலும் சிம்மை உருவி வேறு போனில் போட்டால் ஓடிபி அங்கே போகும். சிம்முக்குத் தனி பின் நம்பர் வைக்கலாம், மூன்று முறை தப்பினால் பூட்டிக்கொள்ளும். ஏனோ இங்கே யாரும் வைப்பதில்லை. யாருடைய போனையாவது வாங்கிச் சிம்மை முடக்கிவிட்டு, அப்புறம் போலீஸ் புகார் நகலும் போனுக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண்ணும் கொடுத்து மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையும் முடக்கலாம். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930.

ஆனால் டூப்ளிகேட் சிம் வாங்கியதும் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் வராது. திருடன் உங்கள் பெயரில் சிம் வாங்கிவிடக் கூடாது என்பதற்கான விதி, அந்த ஒரு நாள் உங்களையும் சேர்த்து வெளியே நிறுத்தும். அப்போது கைகொடுப்பது கணக்குகள் முன்கூட்டியே தரும், தாளில் அச்சடித்து வைத்த மீட்புக் குறியீடுகள்தான். முப்பது நொடிக்கு ஒருமுறை ஆறு இலக்கம் காட்டும் ஆப்பும் உதவும், அது சேமித்த ரகசிய எண்ணையும் மணியையும் வைத்துக் கணக்குப் போடுகிறது, சிக்னலே வேண்டாம். வீட்டில் இருக்கும் பழைய போனிலும் அதே எண்ணைப் பதிந்து வையுங்கள்.

பேக்கப்பின் பாஸ்வேர்டு போனில், போனின் நகல் பேக்கப்பில் என்று வட்டமாகச் சுற்றினால் பை போன அன்று எதையுமே திறக்க முடியாது. தாளில் எழுதினால் தாள் களவு போகுமே என்பீர்கள். ரகசியக் குறியீட்டு அறிஞர் ஆதி ஷமிர் 1979இல் சொன்ன வழி இருக்கிறது. ரகசிய எண் ஒரு கோட்டின் மீதுள்ள புள்ளி. அதே கோட்டில் வேறு மூன்று புள்ளிகளை எடுத்து மூன்று தாளில் எழுதுங்கள். இரண்டு புள்ளி சேர்ந்தால் கோடு கிடைத்துவிடும், ஒரே புள்ளி வழியாகவோ எண்ணற்ற கோடுகள் போகும், அதனால் ஒரு தாளை மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. ஒன்று ஊர் வீட்டில், ஒன்று சென்னை லாக்கரில், ஒன்று சிங்கப்பூர் அண்ணனிடம். செவ்வாய்ப் பொங்கலுக்கு அண்ணன் வரும்போது இரண்டு தாளைச் சேர்த்து, வேறொரு கணினியில் பேக்கப் நிஜமாகவே திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.