அட்டை இல்லாத பெட்டிக்கு எதற்கு ‘வரைகலை அட்டை’?

‘பிளேஸ்டேஷன் 5 இன் வரைகலை அட்டையில் 16 ஜிபி நினைவகம்.’ சோனியின் விளையாட்டுப் பெட்டியைப் பற்றிய இந்த வரியை இந்த மாதம் மட்டும் மூன்று தடவை தமிழில் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தில் ‘ஜிபியு’, அதாவது படம் கீறும் சிப், என்று வருவதைத்தான் இப்படி ‘வரைகலை அட்டை’ ஆக்குகிறார்கள். மூன்றாவது தடவை வாசித்துக் காட்டியது மருமகன். காட்டிவிட்டு, “மாமா, அப்ப இந்த அட்டையைக் கழற்றிப்போட்டுப் பெரிசு ஒண்டு போட ஏலாதா?” என்றான். அவனில் பிழை இல்லை. அட்டை என்று சொன்னால் கழற்றலாம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

சொற்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ‘கிராபிக்ஸ்’ கிரேக்க வழி வந்தது. கீறுவதற்கும் எழுதுவதற்கும் வரைவதற்கும் அங்கே ஒரே வினைதான். திருகோணமலையில் நாங்களும் ‘படம் கீறுறது’ என்கிறவர்கள், ஆகவே இது ஒன்றும் அந்நியமில்லை. வரைகலை நல்ல சொல். ‘கார்ட்’ பழைய கிரேக்கத்தில் பாப்பிரஸ் தாளைக் குறித்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தட்டையாக, விறைப்பாக இருப்பதற்கு அட்டை பொருத்தம். என்ன, இந்த ஊரில் அட்டை என்றால் கடலட்டையும்தான். “அட்டை லட்சக்கணக்கில் போகுது” என்று நான் தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, “ஆர் சுழியோடினது?” என்று அம்மா கேட்டார்.

சரி, அட்டை எது? எங்கள் வீடு கடற்கரைக்குக் கிட்ட. உப்புக்காற்றில் சில மாதத்துக்கு ஒருமுறை கணினித் திரை இருண்டுவிடும். பெட்டியைத் திறந்து, ஓரத்து ஆணியைக் கழற்றி, கொக்கியை அமர்த்தி இழுத்தால் அது கையோடு வரும். அடிவிளிம்பில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, தூசியை ஊதித் தாய்ப்பலகையில் திரும்பச் செருகினால் படம் வந்துவிடும். தனக்கென்று ஒரு நினைவகம், தனக்கென்று விசிறி, செருகவும் கழற்றவும் ஒரு விளிம்பு. அதுதான் அட்டை.

பிளேஸ்டேஷன் 5 ஐத் திறந்தால் இப்படி ஒன்றைக் காணவே முடியாது. கணக்குப் பார்க்கும் பகுதியும் படம் கீறும் பகுதியும் ஒரே சிப்பில், ஒரே பலகையில் பற்றவைத்திருக்கும். 16 ஜிபி என்பதும் இரண்டுக்கும் பொதுவான நினைவகம், ஒரே கிணற்றில் இரண்டு வீடு தண்ணீர் அள்ளுவதுபோல. அதை ‘வரைகலை அட்டையின் நினைவகம்’ என்று எழுதியவுடன் ஒப்பீடே கோணலாகிவிடுகிறது. கணினிக்கு வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6700 அட்டையிலும் பிளேஸ்டேஷன் 5 இலும் படம் கீறும் வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் கணிப்பு அலகுகள் 36 தான், இரண்டும் சிப் நிறுவனமான ஏஎம்டியின் ஒரே தலைமுறை வடிவமைப்பு. அட்டையில் 10 ஜிபி. ‘அட்டைக்கு அட்டை’ பார்க்கிறவர், 16 பெரிதா 10 பெரிதா என்று கேட்டுப் பிளேஸ்டேஷனுக்குப் பரிசு கொடுத்துவிடுவார். ஆனால் அந்த 10 முழுக்கப் படத்துக்கே உரியது. பிளேஸ்டேஷனின் 16 இலோ விளையாட்டின் மற்ற வேலைகளும் இயங்குதளமும் பங்கு கேட்கும். கணினிக்காரரின் மற்ற நினைவகமான ராம் தனிக் கணக்கு. மொழிபெயர்த்தவர் ஒரு சொல்லில் சறுக்க, வாசிக்கிறவர் வாங்கும்போது சறுக்குகிறார்.

ஜிபியு என்பதற்கு நான் சொல்வது ‘வரைகலைச் செயலி’. அந்தச் சிப் அட்டையில் இருந்தாலும் பிளேஸ்டேஷனில் இருந்தாலும் பெயர் மாறாது. இன்னொன்று: என்விடியா 1999 இல் ஜீபோர்ஸ் 256 ஐ ‘உலகின் முதல் ஜிபியு’ என்று கூவி விற்றதால் அது அட்டைக்காரரின் சொல் என்று பலர் நினைக்கிறார்கள். 1994 இல் வந்த முதல் பிளேஸ்டேஷனிலேயே சோனி தன் வரைகலைச் சிப்பை ஜிபியு என்றுதான் அழைத்தது. அட்டையே இல்லாத பெட்டியில் புழங்கிய சொல்லை ‘அட்டை’ என்று பெயர்ப்பது என்ன நியாயம்?

செயலி என்றால் இப்போது ஆப் அல்லவா என்பார்கள். தெரியும். அதுவும் இதே மொழிபெயர்ப்பாளர்கள் செய்த வேலை. ப்ராசசர் என்ற பொருளில் கணினிக்குள் உட்கார்ந்திருந்த சொல்லை எழுப்பிவிட்டு, கைத்தொலைபேசிக்குள் இருத்தினார்கள். இப்போது ‘புதிய செயலி அறிமுகம்’ என்ற தலைப்பைப் பார்த்தால், தரவிறக்குவதா கடைக்குப் போய் வாங்குவதா என்று உள்ளே வாசித்துத்தான் அறிய வேண்டும். முன்னுக்கு ‘வரைகலை’ நின்றால் குழப்பம் பெருமளவு குறையும். ஆப்பை ஆப் என்றே விட்டுவிட்டால் முழுதாகத் தீரும். தூய்மைவாதிகள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்.

அப்புறம், தமிழகத்தில் சிலர் சிப்பைச் ‘சில்லு’ என்று எழுதுகிறார்கள். அங்கே அது பொருந்தலாம். “பிளேஸ்டேஷன் 5 க்கு ஒரு சில்லுதான்” என்று மருமகனிடம் சொல்லிப் பார்த்தேன். சைக்கிளுக்கு இரண்டு என்றான்.