‘ஓநாய்ப் பாம்பு’ வேண்டாம், வெள்ளிக்கோல் வரையன் இருக்கிறான்

வீட்டுக்குள் வரும் பாம்புகளை அடையாளம் காட்டும் காணொளிகளிலும் குறிப்புகளிலும் ‘ஓநாய்ப் பாம்பு’ என்ற பெயர் ஓயாமல் அடிபடுகிறது. தமிழில் ‘வெள்ளிக்கோல் வரையன்’ என்ற நல்ல பெயர் இருக்கும்போது இது எதற்கு?

அறிவியல் பெயர் லைகோடான் ஆலிகஸ். லைகோடான் என்பது கிரேக்கம், ஓநாய்ப் பல் என்று பொருள். வாயின் முன்பக்கத்துப் பெரிய பற்களால் வந்த பெயர். ஆலிகஸ் என்பது 1758இல் ஸ்வீடன் நாட்டு உயிரியலாளர் லின்னேயஸ் வைத்தது. ஆங்கிலத்தில் பல்லை விட்டு ஓநாயை மட்டும் வைத்துக்கொண்டார்கள், நம்மவர்கள் அதை அப்படியே தமிழாக்கிவிட்டார்கள்.

பல் போனதும் மிஞ்சுவது மூர்க்கம்தான். ஆனால் இது சுவரேறிப் பல்லி பிடிக்கும், நஞ்சில்லாத சிறு பாம்பு. பெயரைக் கேட்டே தடியெடுப்பவர்கள் உண்டு. ‘ஓநாய்ப்பல்லன்’ என்றிருந்தால் பொருளாவது சரியாக வந்திருக்கும். ஆனால் அதுவும் உதவாது. பாம்பின் வாயைத் திறந்து பார்த்தா அடையாளம் காண்போம்?

வெள்ளிக்கோல் என்பது குறுக்கே கோடுகள் போட்ட பழைய எடைக்கோல். வரை என்றால் கோடு. பழுப்பு உடம்பில் வெளிறிய பட்டைகள் கொண்ட பாம்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. நீளமாக இருக்கிறது, வெள்ளிக்கோல் இன்று யாருக்குத் தெரியும் என்பார்கள். சரி, ‘வரையன்’ என்று மட்டும் சொல்லுங்கள், கோடு புரிந்துவிடும். பார்க்க வேண்டியதும் அந்தக் கோட்டைத்தானே! கடும் நஞ்சுள்ள கட்டுவிரியனோடு இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். வரையனின் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். கட்டுவிரியனுக்குத் தலைப்பக்கம் மங்கியோ இல்லாமலோ இருந்து, வாலை நோக்கித் தெளியும். கட்டுவிரியனின் வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இருக்கும். அதன் நடுமுதுகில் பெரிய அறுகோணச் செதில்கள் வரிசையாக ஓடும், வரையனுக்கு அது கிடையாது. பட்டையே தெரியாத வரையன்களும் உண்டு, ஆகவே தள்ளி நின்றே பார்க்க வேண்டும். கடித்துவிட்டால் அடையாளம் தேடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுவிரியன் கடி பலருக்கு வலிப்பதே இல்லை.

மொழிபெயர்ப்பாளர்கள் இந்த ஒரு பாம்போடு நிறுத்தினால் பரவாயில்லை. சாரை ‘எலிப்பாம்பு’ ஆகிறது, கண்ணாடி விரியன் ‘ரஸ்ஸல் விரியன்’ ஆகிறது. கொம்பேறி மூக்கனைக்கூட ‘வெண்கல முதுகுப் பாம்பு’ ஆக்குகிறார்கள். பெயரே இல்லாத பாம்புக்குப் புதுச்சொல் ஆக்கட்டும், நானே வரவேற்பேன். சாரைக்கு என்ன குறை?