'மதுரை' என்று தேடினால் மதுரை கிடைக்காது

மேலூர் வட்டத்து முல்லைப் பெரியாற்றுப் பாசனம் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருந்த மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வந்து, "இன்டர்நெட்டுல ஒண்ணுமே இல்ல சார்" என்றார். அவர் தட்டச்சு செய்திருந்த சொல் 'மதுரை'. ஆங்கிலேயர் கால ஆவணங்களோ ஊரையும் மாவட்டத்தையும் 'மதுரா' (Madura) என்றே எழுதின. அந்த எழுத்துக்கூட்டலை இட்டதும், நெல்சன் 1868இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும் பிரான்சிஸ் தொகுத்த 1906ஆம் ஆண்டு கெசட்டியரும் (மாவட்ட விவரத் தொகுப்பு) பழைய நூல்களை மின்வடிவில் தரும் இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் வந்து நின்றன. இவற்றுள் நெல்சன் நூல் பெரியாற்று அணைக்கு முந்தியது. எனவே கால்வாய் வருவதற்கு முன் மேலூர்ப் பக்கம் எப்படி இருந்தது என்பதற்கு மட்டுமே அது உதவும்.

எல்லைகளும் மாறியிருக்கின்றன. இராமநாதபுரம் 1910இல்தான் தனி மாவட்டமாயிற்று. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்திலேயே இருந்தது. இன்றைய வரைபடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தேடுபவர், பாதி ஆவணங்களைக் கண்ணெதிரே தவறவிடுவார்.

தமிழிணையம் மின்நூலகத்தில் உள்ள பழைய அச்சு நூல்களில் வேறொரு சிக்கல் இருக்கிறது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் 'ணை' யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டு எழுதப்பட்டதால், பக்கங்களைப் படித்துத் தரும் கணினி அதைப் பல நேரங்களில் பிழையாகப் படித்துவிடுகிறது. அணையைப் பற்றி ஆய்வு செய்பவருக்கு 'அணை' என்ற சொல்லே அகப்படாமல் போகிறது! தேடல் பெட்டியை நம்பாமல் பொருளடக்கத்தைப் புரட்டுவதே இங்கு விரைவான வழி.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்திலுள்ளவற்றைப் பலரும் பத்தி பத்தியாக எடுத்துக்கொள்ளும் இடமாகவே கருதுகிறார்கள் (நெறியாளர்களும் சில வேளைகளில் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள்). எடுக்க வேண்டியது அவற்றின் அடிக்குறிப்புகளைத்தான். எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய் "பெரியாறு பற்றி ஏதாவது கொடுங்கள்" என்று கேட்பதில் பயனில்லை. துறை, அரசாணை எண், தேதி ஆகிய மூன்றும் கையில் இருந்தால்தான் ஆவணக் கட்டு மேசைக்கு வரும், அந்த மூன்றும் முன்னவர்களின் அடிக்குறிப்புகளில் கிடக்கின்றன. பாசனம் என்றதும் வருவாய்த்துறையை மட்டும் பார்ப்பதும் போதாது; அணையைக் கட்டியது பொதுப்பணித்துறை. பல்கலைக்கழகத்தின் அறிமுகக் கடிதத்தை மதுரையிலேயே வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவது நல்லது.

அச்சில் வந்த தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. மதுரை நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் பின்னணி வாசிப்புக்கு ஏற்றது. மூல ஆவணங்களை அங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

அதே மாணவர் சில வாரங்கள் கழித்து, கிராமக் கணக்கு ஒன்றின் நகலோடு வந்தார். அதன் தலைப்பில் இருந்த '1305' என்ற எண்ணைக் கி.பி. ஆண்டாகக் கொண்டு, கணக்கை மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக்கே கொண்டுபோயிருந்தார். அது பசலி ஆண்டு, அதாவது நிலவரிக் கணக்குகளில் வழங்கும் ஆண்டு முறை. 590ஐக் கூட்டினால் 1895. ஜூலையில் தொடங்கி மறு ஆண்டு ஜூனில் முடியும். பெரியாற்று அணை திறக்கப்பட்டது 1895 அக்டோபரில். அவர் தேடி அலைந்த முதல் நீர்ப்பாசன ஆண்டின் கணக்கு, அவருடைய பையிலேயே இருந்திருக்கிறது.