எட்டு மாசம் மூலம்னு நினைச்சாங்க, இப்ப சிடி133 டெஸ்ட் கேக்குறாங்க

நான் காரைக்குடில பயாப்சி பாக்குற பேத்தாலஜிஸ்ட். பேஷன்ட்ட நேர்ல பாக்குறது ரொம்பக் குறைவு, அவங்க குடல் துண்டு மட்டும் பார்மலின் டப்பால எங்கிட்ட வரும். கொஞ்ச நாள் முன்னாடி சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தர் போன் பண்ணாரு, தேவகோட்டைப் பக்கம் ஒரு ஆச்சியோட மகன் (அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரத்த மாத்திருக்கேன்). "டாக்டர், ஆத்தாவுக்கு பெருங்குடல் ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, கேன்சர் ஸ்டெம் செல் மார்க்கர்னு ஒண்ணு இருக்காமே, சிடி133, எல்ஜிஆர்5 எல்லாம் பாத்தா திரும்ப வருமா வராதான்னு தெரிஞ்சிருமாம்ல, எவ்வளவு செலவானாலும் பண்ணிருங்க"ன்னாரு.

அவர் கேட்டது தப்பே இல்ல. அவருக்குச் சொன்னத எல்லாருக்கும் சொல்லிரலாம்னுதான் எழுதுறேன்.

நம்ம குடலோட உள்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ புதுசா மாறிக்கிட்டே இருக்கு. அதுல லட்சக்கணக்கான குட்டிக் குட்டிக் குழி இருக்கு, ஒவ்வொரு குழியோட அடிலயும் கொஞ்சம் ஸ்டெம் செல் உக்காந்து புது செல்லா பெத்துப் போட்டுக்கிட்டே இருக்கும். அந்தச் செல்ல அடையாளம் காட்டுற மார்க்கர்தான் எல்ஜிஆர்5, 2007ல நெதர்லாந்துல ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு கண்டுபிடிச்சது. அதே வருஷம் கனடாலயும் இத்தாலிலயும் ரெண்டு குழு தனித்தனியா, பெருங்குடல் கேன்சர்ல சிடி133 இருக்குற செல்ல மட்டும் பிரிச்சு எலிக்குப் போட்டா புதுக் கட்டி வளருது, மத்த செல்லப் போட்டா வளரலன்னு காட்டுனாங்க. அப்ப கட்டில இருக்குற எல்லா செல்லும் ஒண்ணு இல்ல, அதுலயும் ஒரு தூர் இருக்குன்னு ஆச்சு.

சீமைக் கருவேல வெட்டுன ஆளுக்கு இத விளக்கவே வேண்டாம். மேல வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கிரலாம், தூரோட தோண்டலன்னா அடுத்த மழைக்கு நாலு கிளையா வந்து நிக்கும். கீமோவுல கட்டி சுருங்கியும் சிலருக்குத் திரும்ப வர்றதுக்கு இது ஒரு காரணம்னு நினைக்கிறாங்க.

ஆனா விஷயம் அத்தோட முடியல. அடுத்த வருஷமே சிடி133 இல்லாத செல்லும் கட்டி உண்டாக்கும்னு வேற ஒரு குழு காட்டுச்சு, அதோட அந்த மார்க்கர் நல்ல குடல் செல்லுலயும் இருக்கு. 2017ல எலியோட கட்டில எல்ஜிஆர்5 செல்ல மட்டும் குறி வச்சு அழிச்சுப் பாத்தாங்க, கட்டி வளர்றது நின்னுச்சு ஆனா மறையல, அழிக்கிறத நிறுத்துனதும் மிச்ச செல்லுல இருந்து புதுசா எல்ஜிஆர்5 செல் வந்து கட்டி பழையபடி வளந்துச்சு. கிளையே தூரா மாறுற கருவேலம்னு வச்சுக்கங்க. அதனாலதான் இந்த மார்க்கர வச்சு ஒரு ஆளுக்குத் திரும்ப வரும், வராதுன்னு நான் ரிப்போர்ட் எழுதித் தர முடியாது, யாராவது பேக்கேஜ்னு வித்தா காச வீணாக்காதீங்க.

அதே பிளாக்ல (உங்க கட்டிய மெழுகுல புதைச்சு வச்ச துண்டு அது, ஆபரேஷன் முடிஞ்சதும் எங்க இருக்குன்னு கேட்டு வச்சுக்கங்க) உண்மையிலயே பதில் சொல்ற டெஸ்ட் இருக்கு. எம்எல்ஹெச்1, எம்எஸ்ஹெச்2, எம்எஸ்ஹெச்6, பிஎம்எஸ்2ன்னு டிஎன்ஏல வர்ற பிழையத் திருத்துற நாலு புரோட்டீன், சாயம் போட்டா கட்டி செல்லுல பழுப்பா தெரியணும். ஏதாவது ஒண்ணு காணோம்னா லிஞ்ச் சிண்ட்ரோமா, அதாவது குடும்ப வழில வந்ததான்னு மேல பாக்கணும், இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்புச் சக்தியவே கேன்சர் மேல ஏவி விடுற) மருந்து வேலை செய்யுமாங்கிறதுக்கும் அது உதவும். நோய் பரவியிருந்தா கேராஸ் மாதிரி ஜீன் டெஸ்ட்டும் மருந்து தேர்ந்தெடுக்க வேணும். ஆபரேஷனுக்கு அப்புறம் சிஇஏ ரத்த டெஸ்ட் (கேன்சர் திரும்ப வருதான்னு கண்காணிக்க), சிடி ஸ்கேன், ஒரு வருஷத்துல கொலோனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடல உள்ள பாக்குறது), இத விட்டுராதீங்க.

எனக்கு நெஞ்ச அடைக்கிறது வேற. அந்த ஆச்சிக்கு எட்டு மாசமா மலத்துல ரத்தம் போயிருக்கு. மூலம்னு கருணைக்கிழங்கு லேகியம் சாப்பிட்டுக்கிட்டு, வெளிய சொல்லக் கூச்சப்பட்டு இருந்திருக்காங்க. குடல் உள்தோல்ல வளர்ற பாலிப்ங்கிற சாதாரண சதை கேன்சரா மாற பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல ஆகும், அவ்வளவு நேரம் நமக்குக் கிடைக்குது. மூலமே இருந்தாலும் கூட கேன்சரும் இருக்கலாம், டாக்டர் விரல் விட்டுப் பாக்காம மூலம்னு முடிவு கட்டாதீங்க. வலது பக்கக் குடல்னா ரத்தம் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, வயசானவங்களுக்கு இரும்புச்சத்து குறைஞ்சு சோகை வந்தா சத்து மாத்திரையோட நிறுத்தாம குடலையும் பாக்கச் சொல்லுங்க.

நாலு புரோட்டீனும் ஆச்சிக்கு இருந்துச்சு, அதனால லிஞ்ச் சிண்ட்ரோமா இருக்க வாய்ப்பு குறைவு, ஆனாலும் பிள்ளைங்க பாத்துக்கணும். அதச் சொல்லிட்டு "உங்களுக்கு என்ன வயசு தம்பி"ன்னேன். 41ன்னாரு. பெத்தவங்களுக்கோ கூடப் பொறந்தவங்களுக்கோ இருந்தா 40 வயசுலயே, இல்ல அவங்களுக்குத் தெரிஞ்ச வயசுக்கு பத்து வருஷம் முன்னாடியே, எது முதல்ல வருதோ அப்ப கொலோனோஸ்கோபி பண்ணணும்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வர்றாராம், அதுக்கு முன்னாடி அங்கயே பண்ணிட்டு ரிப்போர்ட் அனுப்புறேன்னாரு, தங்கச்சிக்கும் சேத்து தேதி வாங்குறாராம்.