வரி ஓடும் கல்லெல்லாம் கல்மரம் ஆகாது

கோடையில் ஊருணி தூர்வார ஆரம்பித்தால் போதும், காரைக்குடிப் பக்கம் நிலவியல் படித்தவன் வீட்டுத் திண்ணையில் கற்கள் வந்து குவியும். போதாததற்குக் கடைக்காரர்கள் வேறு. சமீபத்தில் ஓர் ஆச்சி, குங்குமம் வைத்த கல்லொன்றைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். பழம்பொருள் கடையில் கல்மரம், அதாவது மண்ணில் புதைந்து கல்லாகிப்போன பழங்கால மரம், என்று சொல்லி நல்ல விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும் நைஸ் (gneiss) என்ற பாறை வகை அது. "மர ரேகைதானே தம்பி?" என்கிறார். இல்லை ஆச்சி.

வரி இருந்தால் மரம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். பாறைக்கும் வரி உண்டு. பக்கவாட்டில் பார்த்து ஏமாறாமல், முறிந்த முனையை நனைத்துப் பாருங்கள். நைஸில் வரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். இடையிடையே காக்காப்பொன் (மைக்கா) மினுங்கும். மரமென்றால் வரி ஒரு மையத்தைச் சுற்றி வளையும். மையத்திலிருந்து மெல்லிய கதிர்கள் வெளியே ஓடும். கணு இருந்த இடத்தில் நார் ஒதுங்கிப் போயிருக்கும். 10 மடங்கு லென்ஸ் வைத்தால் ஊசிமுனை அளவுத் துளைகள் தெரியும். வளையம் இல்லையே என்று தூக்கியும் எறியாதீர்கள்: வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை. பட்டையையும் தேட வேண்டாம். விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்கள் வெள்ளத்தில் உருண்டு வந்து புதைந்தவை, பட்டையோ வேரோ கிடையாது.

அடுத்த ஏமாற்றம் செம்புறாங்கல். குழாய் குழாயாகத் துளை இருப்பதால் செல்லரித்த கட்டை போலவே தெரியும். கத்தியால் சுரண்டினால் செம்மண்ணாக உதிரும். சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) ஏறிய கல்மரத்தின் கடினம், பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் 7. கத்திக்கு மசியாது, கண்ணாடியைக் கீறும். கையில் எடுத்தால் அதே அளவுத் தேக்குக்கட்டையைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு கனக்கும்.

பர்மா தேக்குத் தூண் கிணற்றில் கிடந்து கல்லாகிவிட்டது என்பாரும் உண்டு. ஆகாது. திருவக்கரை மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. பெரம்பலூர் சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் மரம் டைனோசர் காலத்தது.

தயவுசெய்து கழிவறை ஆசிட்டை ஊற்றிச் சோதிக்காதீர்கள். சிலிக்கா அதற்கு அசையாது. இரும்பு தந்த சிவப்பும் மஞ்சளும்தான் வெளுக்கும், புகை உங்கள் நெஞ்சைப் பிடிக்கும். மேசைப் பலகைக்காக உலர்வாக அறுக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், அதை முழுதாகக் குணப்படுத்த மருந்தில்லை. தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும், தகுந்த முகக்கவசத்தோடு. திருவக்கரையும் சாத்தனூரும் பாதுகாக்கப்பட்ட இடங்கள். அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்காதீர்கள்.

ஊருணியில் ஏதாவது கிடைத்தால் சுத்தியலைத் தொடாதீர்கள். எத்தனை அடி ஆழம், எந்த மண் என்று குறித்து, கிடந்தபடியே படம் எடுத்துவிட்டு, கழுவாமல் கொண்டுவாருங்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் எனக்கு வேண்டும்.