இன்னும் தலை திரும்பாத குழந்தை

ஏழாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிரீச்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே சிசேரியன்தான் என்று முடிவு கட்டி அழும் பெண்கள் பலர். குழந்தையின் தலை மேலே இருக்கிறது, பிட்டமோ காலோ கீழே இருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். 28-வது வாரத்தில் நாலைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் இருக்கும். நாள் நிறையும்போது நூற்றுக்கு மூன்று, நான்குதான் அப்படியே மிஞ்சும். மற்றவை தாமாகவே திரும்பிவிடும்.

எப்படித் திரும்புகின்றன? கர்ப்பப்பை மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். ஏழாம் மாதம் வரை பனிக்குட நீர் தாராளமாக இருப்பதால் குழந்தை இஷ்டத்துக்கு உருளும். வளர வளர இடம் நெருக்கடியாகும். தலையைவிட, பிட்டமும் மடக்கிய கால்களும் சேர்ந்த பகுதிக்குத்தான் அதிக இடம் வேண்டும். அது மேலே உள்ள அகலத்தில் போய் அமர, தலை கீழே வந்துவிடும். கர்ப்பப்பைக்குள் தடுப்புச் சுவர், கட்டி, கீழிறங்கிய நச்சுக்கொடி (பிளசென்டா), நீர் மிகக் கூடுவது அல்லது குறைவது, இரட்டைக் குழந்தை என ஏதாவது இந்த ஏற்பாட்டைக் குலைக்கலாம். பலருக்கு ஒரு காரணமும் தெரியாது. அம்மா படுத்த விதமோ தூக்கிய குடமோ இதற்குக் காரணமே இல்லை. இதை வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

36-வது வாரத்திலும் தலை மேலேயே இருந்தால்தான் அடுத்த வேலை. விலா எலும்புக்குக் கீழே உருண்டையாய், கெட்டியாய்க் கைக்குத் தட்டுப்படுவது தலை. ஆனாலும் ஸ்கேன்தான் உறுதி செய்யும்.

அப்போது மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: “வெளியிலிருந்தே திருப்பிப் பார்க்க முடியுமா, டாக்டர்?” வயிற்றின் மேல் கைவைத்துக் குழந்தையைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. முதல் பிரசவம் என்றால் 36-வது வாரத்திலிருந்தும், ஏற்கெனவே பிரசவித்தவர்களுக்கு 37-வது வாரத்திலிருந்தும் செய்வார்கள். முதலில் ஸ்கேன், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவு. அப்புறம் பெரும்பாலும் கர்ப்பப்பையைத் தளர்த்த ஒரு ஊசி. மருத்துவர் ஒரு கையால் குழந்தையின் பிட்டத்தைத் தாயின் இடுப்பெலும்பிலிருந்து மேலே தூக்கி, மறு கையால் தலையை மெல்லத் தள்ளி, குட்டிக்கரணம் போடுவதுபோலக் குழந்தையைச் சுழற்றுவார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலிக்கும்தான். தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் மறுபடி இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள். தாய்க்கு நெகடிவ் ரத்த வகை என்றால், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பை உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியும் உண்டு.

ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் கிடைக்கிறது. முன்பே பிரசவித்தவர்களுக்கு இன்னும் அதிகம். சுமார் 200-ல் ஒருவருக்கு அவசர சிசேரியன் தேவைப்படலாம் என்பதால், அறுவை அரங்கு கைவசம் உள்ள மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும். நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தாலோ, அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ பொதுவாகச் செய்ய மாட்டார்கள். எண்ணெய் தடவி வீட்டிலேயே வயிற்றைத் தேய்த்துத் திருப்ப யாரையும் விடாதீர்கள். நச்சுக்கொடி கர்ப்பப்பையிலிருந்து பிரிந்தால் அங்கே கண்டுபிடிக்க வழியில்லை.

திரும்பாவிட்டால்? தலை முதலில் வரும் பிரசவத்தில் பல மணி நேரம் மண்டையோடு வழிக்கேற்ப வடிவம் மாறிக்கொள்ளும். தலை கடைசியில் வந்தால் அந்த அவகாசம் இல்லை, தொப்புள்கொடியும் நசுங்கும். 2000-ல் ‘லான்செட்’ இதழில், 26 நாடுகளில் 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு வெளியானது. திட்டமிட்ட சிசேரியனில் குழந்தைக்கு மரணமோ கடும் பாதிப்போ 1.6 சதவீதம், சுகப்பிரசவத்துக்கு முயன்றவர்களில் 5 சதவீதம். அதன்பின் பல நாடுகளில் பிரீச் என்றாலே சிசேரியன் என்றாகி, சுகப்பிரசவம் பார்க்கப் பழகிய கைகள் குறைந்துபோயின. இரண்டு வயதில் அதே ஆய்வின் குழந்தைகளைப் பார்த்தபோது, மரணத்திலோ மூளை வளர்ச்சியிலோ இரு தரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இந்த இரண்டாவது செய்தி அந்த அளவுக்குப் பரவாமல் போனது எனக்கு வருத்தம்தான். அனுபவமுள்ள மருத்துவரும் ஏற்ற நிலைமையும் இருந்தால் சுகப்பிரசவமும் சாத்தியம். கால் முதலில் இறங்கும் நிலைக்கு அது பொருந்தாது. எந்த வகை பிரீச்சானாலும் பனிக்குடம் உடைந்தால், வலிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புள்கொடி நழுவி வெளியே வரலாம்.

இன்னொன்று. வயிற்றில் நெருக்கி மடங்கிக் கிடந்ததால் இந்தக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் போகும் வாய்ப்பு அதிகம், பெண் குழந்தைகளுக்குக் கூடுதலாகவே. 36 வாரத்துக்குப் பின் பிரீச்சாக இருந்து கடைசியில் தலை திரும்பிப் பிறந்திருந்தாலும், ஆறு வார வயதில் இடுப்பு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அப்போது தெரிந்தால், கால்களைச் சரியான நிலையில் பிடித்துவைக்கும் வார்ப்பட்டையைச் சில மாதங்கள் அணிவித்தே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.